கருத்துக்கும் அரை ஆயுள் உண்டு

கதிரியக்கப் பாடத்தில் ‘அரை ஆயுட்காலம்’ என்னும் சொல்லை மாணவர்கள் படித்திருப்பார்கள். ஒரு கதிரியக்கப் பொருளில் உள்ள அணுக்களில் சரிபாதி சிதைவதற்கு ஆகும் காலமே அது. இச்சொல்லின் ஆங்கில வடிவமாகிய ‘ஹாஃப்-லைஃப்’ என்பதைப் பெயராகக் கொண்டு, 1998 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு கணிப்பொறி விளையாட்டு வெளிவந்தது. சிதைவு மாறிலியைக் குறிக்க நாம் எழுதும் லாம்டா என்னும் கிரேக்க எழுத்தே அதன் சின்னம். கதாநாயகர் கார்டன் ஃபிரீமனோ கொள்கைநிலை இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் இதன் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதைப் பற்றி ஆட்டக்காரர்கள் அன்று சொன்னவற்றுள் சில விரைவில் மறைந்தன; சில இருபது ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. எவை மறைந்தன, எவை நின்றன, ஏன் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் பாகம்

ஆட்டக்காரர் கதாநாயகரின் கண்கள் வழியாகவே உலகைக் காணும் சுடும் விளையாட்டுகள் அதற்கு முன்னரும் இருந்தன. 1993இல் வந்த ‘டூம்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதில் கதை பெயருக்குத்தான் இருந்தது. எதிர்ப்பட்டவற்றைச் சுட்டு வீழ்த்தி முன்னேறுவதே ஆட்டம்.

1996இல் தொடங்கப்பெற்ற வால்வ் என்னும் நிறுவனம் வேறு வழியில் சென்றது. நியூ மெக்சிகோ பாலைவனத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு சோதனை தவறிவிடுகிறது. வேற்றுலக உயிரினங்கள் உள்ளே புகுகின்றன. ஆட்டத்தை நிறுத்திவைத்துத் திரைப்படம் போலக் காட்சி காட்டும் வழக்கம் இதில் இல்லை. நடப்பவை எல்லாம் ஆட்டக்காரரின் கண்முன், அவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே நடந்தன. கதாநாயகர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆகவே ஆட்டக்காரரே தம்மைக் கதாநாயகராக எண்ணிக்கொள்ள முடிந்தது. கதையமைப்பில் பெரும்பங்கு கொண்ட மார்க் லெய்ட்லா ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளர்.

காத்திருந்த ஆண்டுகள்

இரண்டாம் பாகத்தின் பணி 1999இல் தொடங்கியது. 2003 மே மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் அது முதன்முறையாகக் காட்டப்பட்டது. 2003 செப்டம்பர் 30 அன்று வெளிவரும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்த நாள் வந்தது, விளையாட்டு வரவில்லை. அடுத்த சில நாள்களிலேயே, நிறுவனத்தின் கணிப்பொறிகளிலிருந்து திருடப்பட்ட நிரல் இணையத்தில் பரவியது. அதைப் பார்த்தவர்களுக்கு, விளையாட்டு முடிவடையும் நிலையில் இல்லை என்பது புரிந்துபோயிற்று. இறுதியில் 2004 நவம்பர் 16 அன்றுதான் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளிவந்தது.

நியதிக்குக் கட்டுப்பட்ட உலகம்

அதுவரை வந்த பெரும்பாலான விளையாட்டுகளில் மேசையும் பெட்டியும் வரைந்துவைத்த பொம்மைகளே. தள்ளினால் நகரா, நகர்ந்தாலும் சாயா. 1998இல் வந்த ‘டிரெஸ்பாசர்’ என்னும் விளையாட்டு இக்குறையைப் போக்க முயன்று தோல்வியுற்றது. எண்ணம் சரி, அதைத் தாங்கும் வேகம் அன்றைய கணிப்பொறிகளுக்கு இல்லை.

‘ஹாஃப்-லைஃப் 2’ அயர்லாந்தின் டப்ளின் நகரில் தோன்றிய ஹேவாக் நிறுவனத்தின் நிரலைத் திருத்தி அமைத்துக்கொண்டது. இத்தகைய நிரல் எவ்வாறு இயங்குகிறது? காலத்தை அது மிகச் சிறிய கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கூறிலும் ஒவ்வொரு பொருளின் மீதும் செயற்படும் விசைகளைக் கூட்டி, நிறையால் வகுத்து, முடுக்கத்தைக் காண்கிறது. அதிலிருந்து திசைவேகத்தையும், திசைவேகத்திலிருந்து புதிய இடத்தையும் கணிக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு விநாடியை 50 கூறுகளாகப் பிரித்தால், தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு கூறிலும் விநாடிக்கு 0.196 மீட்டர் வீதம் கூடும். நியூட்டனின் இரண்டாம் விதிதான், வேறொன்றுமில்லை.

இதில் ஓர் இடர் உண்டு. விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் பொருள் ஒரு கூறில் ஒரு மீட்டர் தாவிவிடும். எதிரே 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர் இருந்தால், அப்பொருள் ஒரு கணிப்பில் சுவருக்கு இப்பக்கமும் அடுத்த கணிப்பில் அப்பக்கமும் இருக்கும். சுவரில் மோதியதே கணிப்பொறிக்குத் தெரியாது! இத்தகைய பிழைகளைத் தடுக்கத் தனிக் கணக்குகள் தேவை. அவற்றை எல்லாம் வீட்டுக் கணிப்பொறியிலேயே உடனுக்குடன் செய்ய முடிந்ததுதான் அன்றைய வியப்பு.

ஆட்டக்காரர் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்தார். ரயிலில் வந்திறங்கும் ஃபிரீமனின் முன் ஒரு காவலன் காலிக் குவளை ஒன்றைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுமாறு அதட்டுகிறான். ஆட்டக்காரர் அடங்கிப் போடலாம். அவன்மீதே எறியவும் எறியலாம். ஒரு குவளையைக் கொண்டே அந்நகரின் அடக்குமுறையைச் சொல்லிவிட்டார்கள். எறிந்த குவளை எறியப்பட்ட பொருள் போலவே பறந்து விழுந்ததால்தான் அந்தக் காட்சி உள்ளத்தில் பதிந்தது.

கால்வாய்ப் பகுதியில், நடுவில் தாங்கப்பட்ட பலகையின் ஒரு முனையில் கற்களை அடுக்கினால் மறுமுனை உயர்ந்து நின்று பாதையாகும். இது நெம்புகோல் தத்துவம். வேறோரிடத்தில், நீரில் மூழ்கிய பலகையின் அடியில் காலிப் பீப்பாய்களைச் செருகினால் பலகை மிதந்து எழும். இது ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விசை. கதையில் வரும் இயற்பியலாளர் தம் இயற்பியலை ஓரிடத்திலும் எடுத்துரைப்பதில்லை. அவருக்குப் பதிலாக ஆட்டக்காரரே இயற்பியலாளராகி விடுகிறார்!

ஏசியதும் புகழ்ந்ததும்

ஆனால் வெளியான நாளில் கேட்ட குரல்கள் எல்லாம் புகழுரைகள் அல்ல. கடையில் பெட்டியாக விலைக்கு வாங்கியவரும், வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ என்னும் இணைய ஏற்பாட்டில் பதிவு செய்தால்தான் ஆட முடியும் என்ற நிலை. ஒரே நாளில் பலர் முயன்றதால் நிறுவனத்தின் கணிப்பொறிகள் திணறின. ‘விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க இன்னொருவர் அனுமதி எதற்கு?’ என்று ஆட்டக்காரர்கள் சினந்தனர். சிலருடைய கணிப்பொறிகளில் ஒலியும் படமும் விட்டுவிட்டு வந்தன.

கதை பற்றியும் குறைகள் கூறப்பட்டன. ஊர்திப் பயணங்கள் நீளமானவை; துணைக்கு வரும் வீரர்கள் வழியை மறிக்கின்றனர்; முதற் பாகத்துக்கும் இதற்கும் இடையில் உலகம் எவ்வாறு வீழ்ந்தது என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை; முடிவு திடீரென வருகிறது என்றெல்லாம் எழுதினர். எல்லோரும் பேசும் இடத்தில் கதாநாயகர் மட்டும் ஊமையாக நிற்பது இப்போது சிலருக்கு உறுத்தியது. நெம்புகோல் புதிர்கள் வகுப்பறைப் பாடம் போல உள்ளன என்றவர்களும் உண்டு.

புகழ்ந்தவர்கள் அலிக்ஸ் என்னும் துணைப் பாத்திரத்தின் முகபாவங்களை வியந்தனர். முகத் தசைகளின் அசைவுகளை வகைப்படுத்திய உளவியலாளர் பால் எக்மனின் ஆய்வு அதற்குத் துணைநின்றது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புகழப்பட்டது ஈர்ப்புத் துப்பாக்கி. தொலைவில் உள்ள பொருளை இழுத்து, விரும்பிய திசையில் வீசும் கருவி இது. ரேவன்ஹோம் என்னும் பாழூரில் வட்ட ரம்பங்களை இதனால் வீசி எதிரிகளைத் துண்டித்ததை ஆட்டக்காரர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இயற்பியல் படித்தவர் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். கனமான இரும்புப் பொருளை வீசும்போது ஃபிரீமன் பின்னோக்கித் தள்ளப்பட வேண்டாமா? நியூட்டனின் மூன்றாம் விதி என்னவாயிற்று? அந்த விதி அங்கு மீறப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் ஆட்டக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. காரணம், அக்கருவி எப்பொழுதும் ஒரே விதமாகவே நடந்துகொண்டது. கற்பனை உலகின் விதி உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாறாததாக இருக்க வேண்டும்.

எஞ்சியவை

இருபது ஆண்டுகளில் இக்கருத்துகள் என்னவாயின? படங்களின் அழகு பற்றிய வியப்பு விரைவில் தேய்ந்தது. அடுத்தடுத்து வந்த விளையாட்டுகள் அதை விஞ்சின. ஸ்டீம் மீது எழுந்த சினமும் பெரும்பாலும் அடங்கியது. கணிப்பொறி விளையாட்டுகளை விற்கும் மிகப் பெரிய கடைகளுள் ஒன்றாக அது வளர்ந்துவிட்டது. ஆனால் அன்று கேட்ட உரிமைக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கேட்பது குறைந்துவிட்டது, அவ்வளவே.

தேயாமல் நின்றவை இரண்டு. ஒன்று, அவ்வுலகில் பொருள்கள் நடந்துகொண்ட விதத்துக்குக் கிடைத்த பாராட்டு. மற்றொன்று, கதை பாதியில் நின்றது என்னும் குறை. 2006இலும் 2007இலும் இரண்டு சிறு பாகங்கள் வந்தன. இரண்டாவதன் முடிவில் அலிக்ஸின் தந்தை கொல்லப்பட, திரை இருள்கிறது. மூன்றாவது சிறு பாகம் வரவே இல்லை. 2017இல் லெய்ட்லா பாத்திரப் பெயர்களை மாற்றி, கதைச்சுருக்கம் ஒன்றைத் தம் இணையதளத்தில் வெளியிட்டார். 2020இல் வந்த ‘அலிக்ஸ்’ முந்தைய காலத்துக் கதையைச் சொல்லி, இறுதியில் பழைய முடிச்சையே வேறுவிதமாகக் கட்டியது. 2024இல், இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி வந்த ஆவணப்படத்தில், மூன்றாம் சிறு பாகம் புதிதாக எதைச் சாதிக்கும் என்று தமக்குப் புலப்படாததே அது நின்றதற்குக் காரணம் என நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் கூறினார்.

தொழில்நுட்பம் ஓரடி முன்னேறினால்தான் அடுத்த பாகம் என்பது ஆக்கியோரின் அளவுகோல். ஆட்டக்காரரின் அளவுகோல் வேறு. எறிந்த கல் பாதி வானில் நிற்காது என்று நம்பவைத்த உலகில், கதை மட்டும் பாதி வானில் நின்றுவிட்டது. அந்தப் பாராட்டும் இந்தக் குறையும் ஒரே எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை. தொடங்கிய இயக்கம் தன் விதிப்படி நடந்து முடிய வேண்டும் என்பதே அது. அதனால்தான் இரண்டுக்கும் அரை ஆயுள் நீண்டதாக இருக்கிறது.