மருத்துவ விடுப்பு (ஈப்போ, பேராக்)

மலேசியத் தமிழர் பேச்சில் ‘எம்.சி.’ என்பது மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ். ரப்பர் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போக முடியாதவர்கள் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம் போய் நின்றார்கள். பால்மரம் வெட்டாத நாளுக்குக் கூலி போய்விடுமே என்ற அச்சம் காய்ச்சலைவிடப் பெரிதாக இருந்தது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், இன்றைய வடிவில், சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது: பணிக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவானால் 14 நாள், 5 ஆண்டுக்குள் 18, அதற்குமேல் 22. மருத்துவமனையில் தங்கினால் 60 நாள். 2023 முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஈப்போ 1988இல் மாநகரானது. அதன் மாநகர் மன்றம் போன்ற உள்ளாட்சிகளின் நிரந்தர ஊழியர்களுக்குப் பொதுச்சேவை விதிகளே வழிகாட்டி. வேலையில் சேரும்போது உடற்பரிசோதனை உண்டு. நீண்டகாலம் நோயுற்றவரை மருத்துவ வாரியம் பரிசோதிக்கும். குத்தகை நிறுவனங்களின் துப்புரவாளர்களுக்கு இந்த அரண் இல்லை. அவர்களுக்கு வேலைவாய்ப்புச் சட்டம்தான். சாக்கடை நீரில் நிற்பவரை எலிக்காய்ச்சல் எளிதில் பிடிக்கும். வழக்கமான பரிசோதனை முதலில் சேரவேண்டியது அவர்களுக்கே.