போட் மெயில்

சரித்திரம் எழுதுகிறவர்கள் ரயில் பாதையின் நீளத்தை எழுதுவார்கள். அதில் உட்கார்ந்து போனவர்களின் முதுகுவலியை எழுதமாட்டார்கள். என் பாட்டிக்கு அந்த வலி கடைசிவரை ஞாபகம் இருந்தது.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த தன் அண்ணனைப் பார்க்க, 1956-ல் அவள் திருச்சியில் போட் மெயில் ஏறினாள். மூன்றாம் வகுப்பு, மரப்பலகை. மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது கீழே கடலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

1914-ல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் இந்த வழி உண்டாயிற்று. அதற்கு முன் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும். பாலம் வந்ததும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 22 மைல் கடல்தான் மிச்சம். அதைக் கடந்தால் அக்கரையில் மறுபடியும் ரயில்.

ஆனால் எல்லாரும் ஒரே விதமாகப் போகவில்லை. தோட்ட வேலைக்குப் போனவர்களை மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். தொற்றுநோய்க்குப் பயந்து இலங்கை அரசு அங்கே ஒரு முகாம் நடத்தியது. நாள்கணக்கில் வைத்துப் பரிசோதித்த பிறகே கப்பல். பாட்டியின் அண்ணனும் சிறுவனாக, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த முகாம் வழியாகப் போனவர்தான்.

பாட்டி பொல்காவலையில் வண்டி மாறி, உடம்பெல்லாம் நொந்து, ஹட்டன் குளிரில் இறங்கினாள். அண்ணனுக்கு அப்போது நாடு என்று ஒன்று இல்லை. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது.

"நம்ம வீடு இன்னும் இருக்கா, தாயி?" என்று அவர் கேட்டார்.

"இருக்கு அண்ணே" என்றாள் பாட்டி. வீடு கடனுக்குப் போய் வெகுநாளாகியிருந்தது.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது.

அந்தக் கப்பலில்தான், 1970-களில், அண்ணன் திரும்பினார். சிறுவனாக அவரை நிறுத்திவைத்த அதே மண்டபத்தில் மறுபடியும் தங்கவைத்தார்கள். பாட்டி போய்ப் பார்த்தாள். வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கேட்காததுதான், மரப்பலகையைவிட அதிகமாக வலித்தது என்று பாட்டி சொல்வாள்.