கோட்டைப் பதிவேட்டில் இல்லாத தாய்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, எலிஹு யேலின் திருமணம் அங்கே நடந்தது. ஆலயத்தின் முதல் திருமணம் அதுதான். 1753இல் ராபர்ட் கிளைவ் மணம் முடித்ததும் அங்கேயே. கோட்டையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். ஆனால் பதிவேட்டின் பக்கங்களை நிரப்பியவர்கள் பெயர் வாங்காத ஆட்கள்: பீரங்கிப் படையினர், கணக்கெழுதியவர்கள், மாலுமிகள், அவர்களுக்கு இங்கே பிறந்த குழந்தைகள். சென்னை ராஜதானியின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 தொடங்கி லண்டனில் சேர்ந்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அவற்றைக் கொண்டு தகப்பன் வழியில் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக முடியும். எந்தப் படைப்பிரிவு, என்ன உத்தியோகம் என்பதுவரை தெரிந்துகொள்ளலாம். தாய் வழியில் திரும்பினால், பெரும்பாலும் முதல் இந்தியப் பெண்ணோடு பாதை அறுந்துவிடுகிறது. அவள் தமிழச்சியா, தெலுங்கச்சியா, சாந்தோமில் குடியிருந்த போர்த்துகீசிய வழிவந்தவளா என்பதற்குக்கூட ஒரு சொல் கிடைக்காது. இந்த இழப்பைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பதே என் வாதம். அதற்குக் காரணங்கள் இருந்தன, காலந்தோறும் அவை மாறவும் செய்தன. பதிவேட்டில் தாயின் பெயர் விடுபட்ட இடத்தை, அது எந்த ஆண்டில் விடுபட்டது என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பெனி இந்தப் பெண்களை ஒளிக்க நினைக்கவில்லை. அதன் கவலை வேறாக இருந்தது. எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி 1642இலேயே சென்னையில் தங்கிவிட்டார். கத்தோலிக்க ஆலயம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் ஆங்கிலேயர்களுக்கென்று ஆலயம் எழுந்தது. கோட்டைச் சிப்பாய்கள் மணந்துகொண்ட பெண்களில் பலர் போர்த்துகீசிய வழிவந்த கத்தோலிக்கர்கள். பிள்ளைகள் தாயின் சபைக்குப் போய்விடுவார்கள் என்று லண்டன் இயக்குநர்கள் அஞ்சினார்கள். 1687 ஏப்ரலில் அவர்கள் கோட்டைக்கு எழுதிய கடிதம் இன்று படித்தாலும் வியப்பைத் தரும்: சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவியுங்கள், அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுங்கள் என்கிறது அது. பணம் தாய்க்கு என்றால், அவள் யார் என்று கோட்டையில் தெரிந்திருக்க வேண்டும். ஆக, பெயர் தெரியாததால் எழுதவில்லை என்ற சமாதானத்தை எளிதில் ஏற்க முடியாது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1689இல், கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜோப் சார்னாக்கின் மூன்று பெண்மக்கள் இதே புனித மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். தந்தையின் பெயர் நிலைத்தது. மூத்த மகளை மணந்த சார்ல்ஸ் அயரின் பெயரும் நிலைத்தது. பெற்றவளின் உண்மைப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. உடன்கட்டை ஏற இருந்த இளம் விதவையைச் சார்னாக் சிதையிலிருந்து மீட்டார் என்ற கதைதான் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழானது. 1791இல் கும்பெனி இயக்குநர்கள், இந்தியத் தாய்க்குப் பிறந்த மகன்களைத் தங்கள் சிவில், இராணுவ, கடற்படைப் பணிகளில் சேர்ப்பதில்லை என்று முடிவுசெய்தார்கள். 1795இல் படையில் அவர்களுக்குத் தமுக்கடிப்பது, குழலூதுவது போன்ற வேலைகள் மட்டும் மிஞ்சின. பயிற்சி அதிகாரியாகச் சேர விரும்பிய இளைஞன் லண்டனில் தன் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. பதிவேட்டில் தாயின் தமிழ்ப் பெயர் இருந்தால் அதுவே அவன் வாழ்வாதாரத்தைப் பறித்துவிடும். அதுவரை அசட்டையால் விடப்பட்ட பெயரை இனி வேண்டுமென்றே விடுவதற்கு ஒரு காரணம் பிறந்தது. அதே காலத்தில் சென்னையில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகப் பெண்கள் அநாதை இல்லம் 1787இலும், ஆண்கள் இல்லம் 1789இலும் தொடங்கின. ஆண்கள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் முறையால் உலகப் புகழ் பெற்றவர். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றி அவருக்கு நல்லெண்ணம் இல்லை; தாயின் பழக்கவழக்கங்களிலிருந்து பிள்ளையை விலக்குவதையே கல்வியின் ஒரு பகுதியாகக் கருதினார். தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை ‘அநாதை’ ஆனான். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அந்தக் காலத்து இங்கிலாந்திலும் எத்தனையோ பாதிரியார்கள் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரை மட்டுந்தானே எழுதினார்கள், இது வெறும் எழுத்துப் பழக்கம் அல்லவா என்று கேட்கலாம். 17ஆம் நூற்றாண்டுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் திருமணமில்லாமல் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்டால் அது உடைந்துபோகும். இங்கிலாந்தின் கிராமப் பதிவேடுகளில் அத்தகைய குழந்தை தாயின் பெயரில்தான் பதிவானது, விடுபட்டவன் தகப்பனே. ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அங்கே ஊர்ச் சபையின் தலையில் இருந்ததால், யார் பெற்ற பிள்ளை என்று உறுதிசெய்துகொள்வது அதற்கு அவசியமாயிற்று. இந்தியாவில் கும்பெனிப் பதிவேடுகளில் இது அப்படியே திரும்பிவிட்டது. தகப்பன் பெயரும் உத்தியோகமும் தெளிவாக இருக்க, தாய்க்கு ஒன்றுமே இருக்காது, அல்லது உள்ளூர்ப் பெண் என்ற குறிப்பு இருக்கும், அல்லது மரியா, அன்னா என்று குடும்பப் பெயரில்லாத ஒரு கிறிஸ்தவப் பெயர் இருக்கும். ஒரே திருச்சபை, ஒரே சடங்கு, பயிற்சி பெற்று வந்த பாதிரியார்களும் அதே வகையினர். எழுத்துப் பழக்கம் மட்டுமே காரணம் என்றால் கடல் தாண்டியதும் அது ஏன் புரண்டது? கும்பெனிக்குத் தேவைப்பட்டது தகப்பனின் அடையாளம். அது கிடைத்ததும் பதிவு முடிந்துவிட்டது.

அப்படியானால் தாயைத் தேடுவது வீண்வேலை, ஊகம் தவிர எதுவும் மிஞ்சாது என்பார் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. பதிவேடு மறைத்ததை உயில் சொல்லிவிடுகிறது. சாகும் தறுவாயில் இருந்த மனிதன் தன்னோடு வாழ்ந்தவளுக்கு வீடோ, நகையோ, மாதப்படியோ விட்டுப்போக விரும்பினால், அவளை அடையாளம் காட்டியே ஆக வேண்டும். உயில்களையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வரலாற்றாசிரியர் துர்பா கோஷ், காலனியக் குடும்பங்களைப் பற்றி 2006இல் வெளிவந்த தம் நூலில் இந்தப் பெண்களின் வாழ்க்கையைத் திரட்டிக் காட்டினார். கத்தோலிக்கப் பதிவேடுகள் இன்னொரு வாசல். 1563இல் ட்ரெண்ட் பொதுச்சங்கம், ஞானத்தாய், ஞானத்தந்தையின் பெயர்களைப் பதிய வேண்டும் என்று விதித்திருந்தது. ஞான உறவு திருமணத்துக்குத் தடை என்பதால் அந்தக் கணக்கு தேவைப்பட்டது. ஞானத்தாயாக நின்றவள் பெற்றவளின் அக்காவாகவோ அண்டை வீட்டுக்காரியாகவோ இருக்க வாய்ப்புண்டு. இங்கே கண்டிப்பும் வேண்டும். உயிலில் ஒரு மரியா, அடக்கப் பதிவில் ஒரு மரியா என்பதால் இருவரும் ஒருத்தியே என்று எழுதிவிடக் கூடாது. ‘இருக்கலாம்’ என்பது, வேறு சான்று வரும்வரை, ‘இருக்கலாம்’ என்றே நிற்கட்டும். மரபணுச் சோதனையும் ஓரளவுக்குத்தான் உதவும். தாய் வழியாக மட்டும் இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரிய மரபணு, தாய்வழி தெற்காசியாவில் வேர்கொண்டது என்று காட்டக்கூடும்; அவள் பெயரையோ ஊரையோ அதால் சொல்ல முடியாது.

முன்னோர் வேண்டுமென்றே மறைத்ததை நாம் தோண்டலாமா என்பதே கடினமான கேள்வி. மறைத்தவர்களில் பலர் வயிற்றுப்பாட்டுக்காக மறைத்தார்கள், அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் கும்பெனி உத்தியோகத்திலிருந்து விலக்கக் கூடாது என்று 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் சொல்லிவிட்டது. அச்சத்துக்கான சட்டக் காரணம் போனது, பழக்கம் மட்டும் நிலைத்தது. இந்திய அரசியலமைப்பின் 366ஆம் பிரிவும் ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தகப்பன் வழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. பேரப்பிள்ளைகள் தேடிப் போவது ஒரு குற்றத்தை அம்பலப்படுத்த அல்ல. தங்கள் இரத்தத்தில் ஒரு பங்கைத் தந்தவளின் பெயரைக் கேட்டுப் போகிறார்கள். அந்தப் பெயர் லண்டன் நகலில் இல்லாவிட்டால், சாந்தோமின் கத்தோலிக்கப் பதிவேட்டையும் சென்னையில் எழுதப்பட்ட உயில்களையும் அடுத்துத் திறக்க வேண்டும்.