ரயில் விட்டுட்டுப் போன பாலம்

மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் 1980கள்ல நின்னுபோச்சு. திரும்ப ரயில் வேணும்னு ஊர்க்காரங்க கேக்குறாங்க, நியாயம்தான். ஆனா ரயில் நின்ன பாதைக்கும் பாலத்துக்கும் வேற வாழ்க்கையே கிடையாதா?

பதில் மலேசியாவுல இருக்கு. ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. 1861ல வந்த தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரயில்ல துறைமுகம் போய், பினாங்குக்குக் கப்பல் ஏறின டெல்டாக்காரங்க ஏராளம். மலாயாவுல தண்டவாளம் போட்டவங்கள்லயும் தமிழர்கள் நிறைய பேர்.

அங்க கோலகங்சார் பக்கத்துல, பேராக் ஆத்து மேல 1900ல திறந்தது விக்டோரியா பாலம். செங்கல் தூண்கள், மேல இரும்புச் சட்டகம், ஒத்தை ரயில் பாதை. 2002ல பக்கத்துலயே புதுப் பாலம் வந்து ரயில் அதுக்கு மாறிடுச்சு. பழசை இடிக்கல. அதோட ஓரத்து நடைபாதையில ஜனங்க நடந்தாங்க, பைக்லயும் போனாங்க.

கார், லாரி ஏன் விடல? நீராவி இன்ஜினையே சுமந்த பாலம்தான். ஆனா அகலம் பத்தாது. எதிரெதிரே ரெண்டு வண்டி போக ஏழு மீட்டராவது வேணும். ஒத்தைப் பாதைப் பாலத்துல அது ஏது?

பைக், சைக்கிள், நடக்கிறவங்களுக்கு அந்த அகலம் தாராளம். தரங்கம்பாடிக்கு ரயில் வரட்டும். வர்ற வரைக்கும் பாதையும் பாலமும் சும்மா கிடக்கணும்னு கட்டாயம் இல்லையே?