சபைக்கு ஆள் தேர்ந்த முறை

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூர், செப்பேடுகளால் புகழ்பெற்ற ஊர். மூன்றாம் இராசசிம்ம பாண்டியனின் பெரிய செப்பேடு மதுரையில் சங்கம் வைத்ததையும் மாபாரதம் தமிழாக்கப் பெற்றதையும் குறிப்பதால், தமிழன்பர் நெஞ்சில் அதற்குத் தனியிடம் உண்டு. அதே ஊரைப் பழங்கல்வெட்டுகள் அளநாட்டுப் பிரமதேயமான அரிகேசரிநல்லூர் என்று சுட்டுகின்றன. பிரமதேயங்களைச் சபைகளே ஆண்டன. அச்சபைகளில் அமரத் தகுந்தவர் யார்? இவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடை வேறு இரண்டு ஊர்களின் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளது.

முதலாவது, திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர்க் கல்வெட்டு. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில் எழுந்த இது, ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்தது என்பர். ஊரில் பங்குடையோரின் மக்களுள் கல்வியும் நல்லொழுக்கமும் உடையவரே சபையில் பங்குகொள்ளலாம். பங்கை விலைக்கு வாங்கியவருக்கும் கல்வித் தகுதி வேண்டும் என்று அது விதித்தது. பணம் நிலத்தைத் தரலாம். சபையில் பேசும் உரிமையைத் தராது என்பதே இதன் கருத்து. கொண்டுவரும் காரியம் எதுவாயினும் மறுப்பதையே வழக்கமாகக் கொண்டு முட்டுக்கட்டை இடுவோருக்கு ஐந்து காசு தண்டமும் உண்டு.

இரண்டாவது, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள். முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) எழுந்தவை இவை. மதுரையை வென்று இராசசிம்மனை நாடிழக்கச் செய்தவன் இப்பராந்தகனே என்பது எண்ணத்தக்கது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். கல்வியில் சிறந்தோருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பணி புரிந்தோர் விலக்கப்பட்டனர். பணிபுரிந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அதைப் பெறுபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏந்தி, அனைவரும் கேட்கப் படித்தார். கைக்குள் ஓலையை மாற்றும் தந்திரத்துக்கு இடமில்லை.

இவ்வாறு தேர்ந்தோருள், முன்பு தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றில் பணியாற்றியோரும் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோருமே சம்வத்சர வாரியத்துக்கு உரியவர். பதவிக்காலம் 360 நாள். குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

919ஆம் ஆண்டு விதியில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தினர். தாம் வகுத்த விதியிலும் குறையிருக்கக் கூடும் என்று ஏற்கும் துணிவு அச்சபைக்கு இருந்தது.

இம்முறையைக் குறையற்ற மக்களாட்சி எனப் புகழ்வது பொருந்தாது. நிலமுடைய அந்தணர்க்கே அதில் இடம். பெண்டிரும், நிலத்தில் உழைத்த பெரும்பாலோரும் புறத்தே நின்றனர். அவ்வேலியை நாம் தள்ளுவோம்; உள்ளே விளைந்ததைக் கொள்வோம்.

இன்று சங்கமாயினும் கூட்டுறவாயினும் பாசனக் குழுவாயினும், பொறுப்பாளரைத் தேடும்போது செல்வாக்கும் உறவுமே முதலில் கண்ணில் படுகின்றன. கற்றிருக்கிறாரா, சிறு பொறுப்பில் தேறினாரா, கணக்கை ஒப்படைத்தாரா, பிறர்க்கு வழிவிடுவாரா என்பவை ஆயிரமாண்டுக்கு முன் கேட்கப்பட்ட கேள்விகள். இராசசிம்மனின் முடியும் பராந்தகனின் வெற்றியும் காலத்தில் கரைந்தன. அக்கேள்விகள் மட்டும் ஒவ்வோர் அமைப்பின் வாயிலிலும் இன்றும் விடைக்குக் காத்திருக்கின்றன.