குடுமியான்மலைப் பாடமும் திருச்சுழியல் பண்ணும்

சுந்தரர் பாடிய திருச்சுழியல் பதிகத்தின் (ஏழாம் திருமுறை, 82) தலைப்பில் நிற்கும் பண், நட்டபாடை. சம்பந்தரின் முதல் பதிகத்துக்கும் அதே பண்தான். இன்றைய ஓதுவார்கள் அதைக் கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். திருமுறை கற்கும் பிள்ளை முதல் பாடத்திலேயே இந்தப் பண்ணைத் தொட்டுவிடுகிறது. ஆகவே திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ திருமுறை வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, குண்டாற்றங்கரைத் திருமேனிநாதர் கோயிலின் பதிகத்தைப் பாட இன்னொரு பண்ணைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் தலைப்பில் உள்ள பண்ணின் பெயர் எதையும் பாடிக் காட்டாது. பாடிக் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு யார் சோறு போட்டார்கள், ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடையின் ஒரு பாதி தஞ்சையில் கிடைக்கிறது. மறுபாதியைத் தேட, புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

குடுமியான்மலை மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் சுரங்கள் வெட்டப்பட்டிருப்பது பலரும் அறிந்தது. எழுத்து கிரந்தம், மொழி வடமொழி. மத்தியமக்கிராமம் தொடங்கிக் கைசிகம் வரை ஏழு பகுதிகள். நான்கு நான்கு சுரமாகக் கோத்த கொத்துகள் வரிக்குப் பதினாறு. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி வருகிறது. இந்த மாற்றம் சுருதி நுட்பத்தைக் குறிக்கிறதா, நரம்பை மீட்டும் முறையைக் குறிக்கிறதா என்பதில் பி.ஆர். பண்டார்க்கர் இதை எபிகிராஃபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் வெளியிட்ட நாள்முதல் அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை. அந்தச் சண்டையில் இங்கே தலையிடப் போவதில்லை.

தலையிட வேண்டியது சி. மீனாட்சியின் கருத்தில். பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றி 1938இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியது. ஆனால் இந்தக் கல்வெட்டைப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனுக்கு உரியதாக்கும் வாதம் அந்த நூலால் பெற்ற வலு, பிற்காலத்தார் பலருடைய கண்ணைக் கட்டிவிட்டது. சுற்றுலாப் பலகை முதல் இசை வரலாற்றுப் பாடநூல் வரை மகேந்திரன் பெயர்தான். வாதத்தின் முதுகெலும்பு மூன்று செய்திகள். மகேந்திரனுக்கு, இசையோடு தொடர்புபடுத்தப்படும் 'சங்கீர்ணஜாதி' என்ற விருதுப்பெயர் உண்டு. அவன் மத்தவிலாசம் என்ற நாடகத்தை எழுதிய கலைஞன். சிதைந்த மாமண்டூர்க் கல்வெட்டு இசையைப் பற்றிப் பேசுகிறது. மூன்றும் அவன் இசை அறிந்தவன் என்பதைக் காட்டும். இந்தப் பாறைக்கு அவன் வந்தான் என்பதை ஒன்றுகூடக் காட்டாது.

மகேந்திரன் தன் பெயரை மறைக்கும் கூச்சமுள்ளவன் அல்லன். பல்லாவரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் அவனுடைய விருதுப்பெயர்கள் குடைவரையை நிறைத்துக் கிடக்கின்றன. அப்படிப்பட்டவன் ஏழு பகுதி இசையை வெட்டுவித்து, ஒரு விருதுப்பெயரைக்கூடப் பொறிக்காமல் இறங்கிப் போனான் என்பதை நம்ப எனக்குத் துணிவில்லை. திருச்சிக்குத் தெற்கே அவன் ஆட்சி நடந்ததற்கு வேறு உறுதியான சான்றும் இல்லை. குடைவரையைப் பாண்டியர் அல்லது முத்தரையர் காலத்தோடு சேர்ப்போரின் பக்கமே எடை கூடியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது, மகேந்திரன் பெயர் இடையில் நுழைந்ததால் பார்வையிலிருந்து நழுவிப்போன செய்தி. கல்வெட்டின் முடிவுரையில் அரசன் இருக்கிறான்; பெயர் இல்லை. 'பரமமாகேசுவரன்' என்ற அடைமொழி மட்டுமே. அங்கே பெயர் சொல்லப்படும் ஒரே மனிதர் ருத்ராசாரியார், அதாவது அரசனின் ஆசிரியர். அரசன் தன்னை அவருடைய மாணவன் என்கிறான். இதை மாணவர் நலனுக்காகச் செய்ததாகச் சொல்கிறான். பொன்னும் நிலமும் கொடுத்ததாக ஒரு சொல் இல்லை. ஆக, கொடைக் கல்வெட்டுக்கு உரிய எந்த உறுப்பும் இதில் இல்லை. பாடத்துக்கு உரிய எல்லாம் இருக்கின்றன. யார் அந்த அரசன் என்று எண்பது ஆண்டுக்கு மேலாகத் தேடிய நாம், யார் அந்த மாணவர் என்று போதுமான அளவு கேட்கவில்லை.

அந்த மாணவரை நோக்கிய வரி கல்லிலேயே இருப்பதாக நினைக்கிறேன். வடமொழி முடிந்ததும் தமிழில் ஒரு சிறு வரி: 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய'. எட்டு நரம்புக் கருவி, ஏழு நரம்புக் கருவி என்று கொள்வது ஒரு விளக்கம். ஏழு நரம்பு வீணையான பரிவாதினியின் பெயர் திருமயம் வட்டாரத்துக் கல்வெட்டுகளில் வருவதால் அது வலுப்பெறுகிறது. எண்கள் எதைக் குறித்தாலும், இலக்கணத்தை வடமொழியில் சொன்னவர் பயன்பாட்டைத் தமிழில் சொன்னது ஏன்? பாறைக்கு முன் கருவியோடு உட்காரப் போகிறவர் தமிழ் பேசுகிறவர் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஒரு வரியை வைத்து இவ்வளவு சொல்வது அதிகம் என்பார் இருப்பர். அந்த ஒரு வரியையும் முடிவுரையின் 'மாணவர் நலன்' என்ற குறிப்பையும் விட்டால், இதைக் கற்றவர்களைப் பற்றி அந்தக் கல்லில் வேறு பேச்சே இல்லை.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கல்லைத் 'தேவார இசையின் சுரக்குறிப்பு' என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். பஞ்சமம், சாதாரிதம், கைசிகம் என்ற கல்லின் பெயர்கள், தேவாரப் பண்களான பஞ்சமம், சாதாரி, கௌசிகத்துக்கு உறவு என்பதில் ஐயமில்லை. பெயர் உறவு இசை உறவாகிவிடாது. நட்டபாடையோ அந்த ஏழில் இல்லவே இல்லை. திருச்சுழியல் பதிகத்தைப் பாட இந்தக் கல் நேரடியாக உதவாது.

தஞ்சைக்கு வருவோம். பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, முதலாம் இராசராசன் 48 பிடாரர்களை வைத்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் சேர்த்து 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். கூட்டினால் நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம். பாடுவோர் இறந்தாலோ ஊர் விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து பாடவைக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. குடும்ப உரிமையின் நடுவே தகுதி என்ற நிபந்தனை நுழைவதைக் கவனிக்க வேண்டும். யாரோ எங்கோ கற்பித்துக்கொண்டிருந்தால்தான் தகுதியுள்ள வெளியாள் கிடைப்பார். அந்தக் கற்பித்தல் எங்கே நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை.

பன்னிரண்டரைக் கலம் நெல் காவிரிப் பாசனத்துக் கணக்கு. மழைக்கால ஓட்டமும் கண்மாயும் நம்பிய குண்டாற்றுப் பகுதியில், கம்பும் சோளமும் விளைந்த மானாவாரிக் காட்டில், அப்படி ஒரு சம்பளப் பட்டியல் நிலைத்திருக்க வழியில்லை. குடுமியான்மலையும் வானம் பார்த்த பூமிதான். ஆற்றுப்பாசன நாடு பாடுவோரை நெல்லால் கட்டிவைத்தது. வறண்ட நாட்டில் பாடம் கல்லில் ஏறியது. இதை ஒரு விதியாக்க இரண்டு கல்வெட்டுகள் போதாது. இடையில் முந்நூறு ஆண்டு வேறு கிடக்கிறது. ஆனாலும் இசைக்கல்வி வரலாற்றைத் தஞ்சை மாதிரியை மட்டும் வைத்து எழுதும் பழக்கத்துக்கு இது ஒரு மறுப்பாகவாவது நிற்கும். 1943இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும், தேவாரத்தைத் தனிப் பாடமாக வைத்த மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் அந்தப் பழக்கத்தை ஓரளவு தளர்த்தியிருக்கின்றன. பரம்பரை கேளாமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது, தகுதி என்ற பழைய நிபந்தனையை முதல் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

காலம் பற்றி: எழுத்தமைதியை வைத்து 7ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான முடிவு. அதன் தொடக்கமா, இறுதியா, 8ஆம் நூற்றாண்டுக்குள் தள்ளலாமா என்பது தீரவில்லை. சுந்தரர் காலமும் அதேபோல் இழுபறியில்தான் இருக்கிறது. பாறையின் மாணவர்கள் சுந்தரருக்கு முந்திய தலைமுறையா, இரண்டு மூன்று தலைமுறை முந்தியவர்களா என்பதை இந்த இரண்டு தேதிகளில் ஒன்றாவது உறுதிப்பட்ட பிறகே பேசலாம்.