வகுப்பறைக்கும் நூலகத்திற்கும் நடுவே: ரங்கநாதனின் பள்ளி நூலகச் சிந்தனையும் பெங்களூரும்

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அடுத்த ஆண்டு அவரது நூல் ஒன்று வெளிவந்தது. 'நியூ எஜுகேஷன் அண்ட் ஸ்கூல் லைப்ரரி' என்பது அதன் பெயர். கோலன் பகுப்புமுறையையும் நூலகவியலின் ஐந்து விதிகளையும் அறிந்த அளவுக்கு இந்நூலைக் கல்விப்புலம் அறிந்திருக்கவில்லை. மாணவர் ஓர் ஆய்வுப் பணியை மேற்கொள்ளும்போது ஆசிரியருக்கு நூலகர் எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்ற வினா இன்று மீண்டும் எழுந்துள்ளது. அவ்வினாவோடு வாழ்நாள் முழுவதும் தொடர்பில் இருந்தவர் ரங்கநாதன்.

அவர் முதலில் ஆசிரியர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கற்பித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, அப்பணியின் தனிமை அவருக்கு ஒவ்வவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். அவர் மனத்தை மாற்றியது இலண்டன் பயணம். யூனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்சிடம் பயின்றதுடன், இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றையும் நேரில் கண்டார். நூலகம் மற்றொரு வகையான கற்பித்தற் களம் என்ற தெளிவோடு 1925இல் நாடு திரும்பினார். நூல்கள் பயன்பாட்டிற்கே, வாசகரின் நேரத்தைச் சேமித்திடுக என 1931இல் அவர் வகுத்த விதிகளில் ஆசிரியரின் அக்கறை வெளிப்படையாகவே தெரிகிறது.

1940இல் வெளிவந்த நோக்கீட்டுப் பணி பற்றிய நூலும், 1942இல் வெளிவந்த 'ஸ்கூல் அண்ட் காலேஜ் லைப்ரரீஸ்' என்ற நூலும் சேர்த்துப் படிக்கத்தக்கவை. வாசகருக்கு நூலகர் செய்யும் உதவியை ரங்கநாதன் வகைப்படுத்தினார். புதிதாக வருபவருக்கு நூலகத்தைப் பழக்குவது ஒன்று. உடனடியாக விடை தரக்கூடிய கேள்விக்கு அகராதி, ஆண்டுநூல் போன்றவற்றிலிருந்து விடை காட்டுவது மற்றொன்று. பல நூல்களைத் தேடி, ஒப்பிட்டு, நாட்கணக்கில் தொடர வேண்டிய நீண்டகால உதவி வேறொன்று. மாணவரின் ஆய்வுப் பணி இந்த மூன்றாம் வகையைச் சார்ந்தது. பல பள்ளிகளில் அதற்குக் கிடைப்பதோ, மிஞ்சினால், இரண்டாம் வகை உதவியே.

இடைவெளி எங்கே இருந்தது என்பதை 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு தயக்கமின்றிப் பதிவுசெய்தது. அதன் தலைவர், அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பெரும்பாலான பள்ளிகளில் பெயருக்குத் தகுந்த நூலகமே இல்லை என்றும், இருக்கும் நூல்கள் பழையவை, மாணவரின் விருப்பத்தோடு தொடர்பற்றவை என்றும், பொறுப்பில் இருப்பவர் பகுதிநேரமாக அதைக் கவனிக்கும் எழுத்தரோ ஆர்வமற்ற ஆசிரியரோதான் என்றும் 1953இல் அதன் அறிக்கை கூறியது. பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், அவருக்கு மூத்த ஆசிரியருக்கு இணையான நிலை வேண்டும் என்பது பரிந்துரை. பதவிநிலை பற்றிய இப்பரிந்துரையின் உட்பொருள் கற்பித்தல் பற்றியது. ஆசிரியர் கூட்டத்தில் இடமில்லாதவரால் ஆசிரியரின் பாடத்திட்டத்திற்கு உதவ இயலாது.

அத்தகைய நூலகர் என்ன செய்வார்? ஓர் எடுத்துக்காட்டு கொள்ளலாம். 'பெங்களூரு ஏரிகள்' என ஓர் ஆசிரியர் நாற்பது மாணவருக்கும் ஒரே தலைப்பைத் தருகிறார். நாற்பது பேரும் ஒரே இணையப் பக்கத்திலிருந்து ஒரே பத்தியைப் படியெடுப்பர். ரங்கநாதனின் பகுப்பாய்வு இங்கே உதவும். எந்தப் பொருண்மையையும் ஆளுமை, பருப்பொருள், செயல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைக் கூறுகளாக அவர் பிரித்தார். அவ்வழியே நோக்கினால் பெரிய தலைப்பு பல சிறிய வினாக்களாகப் பிரியும்: பெலந்தூர் ஏரியின் நுரை எதனால் உண்டாகிறது? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அங்கு எப்படி நடைபெறுகிறது? நூறாண்டுகளுக்கு முன் அதன் நீர் எதற்குப் பயன்பட்டது? ஒவ்வொரு வினாவும் வெவ்வேறு சான்றுகளை நாடும். ஒருவர் 2015இலும் 2017இலும் அந்த ஏரி தீப்பற்றிய நாட்களின் செய்தித்தாள்களுக்குச் செல்வார். ஒருவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கைகளுக்கும், இன்னொருவர் லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியருக்கும் பழைய நிலப்படங்களுக்கும் செல்வர். எந்த வினாவிற்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை, எது அவ்வயதினருக்குக் கடினம் என்பதைத் தலைப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பே நூலகர் ஆசிரியரிடம் கூற முடியும். அறிவித்த பிறகு கூறுவதால் பயன் குறைவு.

இந்தச் சிந்தனைக்குப் பெங்களூரில் நேர்ந்தது ஆய்வுக்குரியது. 1957இல் ரங்கநாதன் இந்நகரில் குடியேறினார். 1962இல் மகலனோபிசின் ஆதரவோடு, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை இங்கு நிறுவினார். அறிவியலாளருக்கும் தொழில்துறைக்கும் வேண்டிய நுண்தகவலைத் தேடித்தரும் வல்லுநர்கள் அங்கு உருவாயினர். ஆய்வுக்கூடங்களும் பொதுத்துறை ஆலைகளும் நிறைந்த நகரின் தேவை அதுவே. 1965இன் கர்நாடகப் பொது நூலகச் சட்டம் பொது நூலகங்களுக்கு வழிவகுத்தது. பள்ளி நூலகமோ கல்வித்துறையின் பொறுப்பிலேயே நின்றது. ஆகவே ஒரே நகரில் அறிவியலாளருக்குக் கிடைத்த நீண்டகால நோக்கீட்டு உதவி, பள்ளி மாணவருக்குப் பரவலாக எட்டவில்லை.

இன்று ஐ.சி.எஸ்.இ. வரலாறு, புவியியல் பாடங்களில் 20 மதிப்பெண் அகமதிப்பீட்டிற்கு உரியது; செயல்திட்டம் அதன் மையம். மதிப்பெண் உள்ள இடத்தில் ஆசிரியரின் உழைப்பும் மாணவரின் உழைப்பும் செலவாகின்றன. அவ்வுழைப்பு படியெடுப்பாக முடிவதா, ஆய்வாக வளர்வதா என்பது பெரும்பாலும் தலைப்பு தீர்மானிக்கப்படும் அந்த முதல் உரையாடலைப் பொறுத்தது. ஆசிரியப் பயிற்சிப் பாடத்திட்டத்தில் நூலகருடன் இணைந்து ஒரு செயல்திட்டத்தை வடிவமைக்கும் பயிற்சியும், நூலகவியல் பாடத்திட்டத்தில் பள்ளி வகுப்பறையில் சில வாரங்கள் பணியாற்றும் பயிற்சியும் இடம்பெறுவது அதற்கான நடைமுறைத் தொடக்கமாகும். வகுப்பறையிலிருந்து நூலகத்திற்குச் சென்ற கணித ஆசிரியர் ஒருவரின் அரை நூற்றாண்டு அனுபவம் இவ்விரு துறைகளுக்கும் பொதுச் சொத்து.